மந்திரவாதியின் கடைவாய்ப்பல்

முன்னொரு காலத்தில், மந்திரவாதிகளுக்கும் பல்வலி வந்த காலத்தில், கடலோரமாகச் சிப்பித்துறை என்று ஒரு நாடு இருந்தது. நாடு என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். கிழக்கே ஒருவர் தும்மினால் மேற்கே இருப்பவர் 'நூறாயுசு' என்பார். அவ்வளவுதான் நாடு.

அங்கே சேந்தன் என்று ஒருவன் கடலில் மூழ்கி முத்தெடுத்தான். அவன் மனைவி மரிக்கொழுந்து அந்த முத்துக்களைத் துளைத்துக் கோத்தாள். கடுகு போன்ற முத்திலும் நூல் நுழையத் துளை போடுவாள், முத்தில் விரிசல் விழாது. அவள் கைக்கு அவ்வளவு அடக்கம். சேந்தனின் வாய்க்குத்தான் அடக்கம் கிடையாது. யாரையாவது கேலி பேசாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

ஊருக்கு மேற்கே கருங்குன்றம். அதன் குகையில் சடாமுடியான் என்ற மந்திரவாதி இருந்தார். மழை வேண்டுமா, அலை அடங்க வேண்டுமா, காணாமல் போன மாடு திரும்ப வேண்டுமா, எல்லாவற்றுக்கும் அவர்தான். அவரிடம் போகிறவர்கள் கருப்பட்டி கொண்டுபோக வேண்டும். அதைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டால்தான் அவருக்கு மந்திரம் வரும். காலையில் வாய்க்குள் போகிற கருப்பட்டி, கரையக் கரைய அடுத்தது, அது கரைந்தால் இன்னொன்று. போதாததற்கு இன்னொரு நம்பிக்கை வேறு. மந்திரம் சொன்ன வாயைக் கொப்புளித்தால் மந்திரசக்தி தண்ணீரோடு போய்விடுமாம்! அதனால் அவர் வாய் கொப்புளித்ததும் இல்லை, பல் விளக்கியதும் இல்லை. பக்கத்தில் போய் நின்றவர்கள் பாவம்.

ஒரு முத்துக்குளிப்புக் காலம். கடல் கொந்தளித்தது. அலை அடங்க மந்திரம் கேட்டு வரச் சேந்தனை ஊரார் அனுப்பினார்கள். இதற்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று கேட்காதீர்கள், விதி.

குகைக்குள் சடாமுடியான் வீங்கிய கன்னத்தோடு உட்கார்ந்திருந்தார். சேந்தன் கும்பிட்டான். கருப்பட்டியை வைத்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"என்ன சாமி, கன்னத்துக்குள்ள கொழுக்கட்டையா?" என்றான்.

நுணலும் தன் வாயால் கெடும். மந்திரவாதிக்கு வந்ததே கோபம்! "ஆடாப் போ!" என்று கத்தி, மந்திரத்தைச் சொல்லி, அதன் கடைசி எழுத்தைக் கடைவாயைக் கடித்துக்கொண்டு முடித்தார். அந்தக் கடியில் 'கடக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

இந்தப் பக்கம் சேந்தன் ஆடாகிவிட்டான். அந்தப் பக்கம் சடாமுடியான் "ஐயோ, அம்மா!" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார்.

ஆடு எப்படியோ வீடு வந்து சேர்ந்தது. அதன் கழுத்தில் சேந்தனின் பாசிமணி. மரிக்கொழுந்து மணியைப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள்.

"மச்சான்?" என்றாள்.

ஆடு உடனே திரும்பிப் பார்த்தது.

அவள் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆட்டையும் கூட்டிக்கொண்டு குன்றம் ஏறினாள்.

சடாமுடியான் தாடையைச் சுற்றித் துணி கட்டிப் படுத்திருந்தார்.

"சாமி, தெரியாமப் பேசிட்டாரு. அவரை மறுபடி மனுசனாக்கிடுங்க."

"ஆக்க மாட்டேன்னா சொன்னேன்?" என்று முனகினார் மந்திரவாதி. "கோபம் எப்பவோ போயிருச்சு, தாயி. வலிதான் போகல. மாத்துற மந்திரத்தோட கடைசி எழுத்தைக் கடைவாயை இறுக்கிக் கடிச்சுதான் சொல்லணும். கடிச்சா உசிரு போகுது."

"எப்பத்தான் சொல்லுவீங்க?"

"வலி விடணுமே. ஒண்ணு சொல்றேன், பயந்துக்காத. வர்ற பௌர்ணமி நிலா உச்சிக்கு வர்றதுக்குள்ள மாத்தலைன்னா அவன் ஆடு ஆடுதான். அதுக்குள்ள ஒவ்வொண்ணா மறந்துக்கிட்டே வருவான். முதல்ல வீட்டை மறப்பான். அப்புறம் கடலை மறப்பான். கடைசியா உன்னை மறப்பான்."

மரிக்கொழுந்து அந்தக் குகையை விட்டு நகரவே இல்லை.

மந்திரவாதிக்குப் பல்வலி என்று கேள்விப்பட்டதும் ஊர் ஓடி வந்தது. வெறுங்கையோடு வருமா? அவர் மனம் குளிரட்டும் என்று ஆளுக்கு ஒரு கருப்பட்டி. சடாமுடியானும் வலியை மறக்க அதையே அதக்கினார். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றிய கதைதான்.

முதலில் ஒருவர் கிராம்பு கொடுத்தார். கடித்தார், வலி சற்று அடங்கியது, அப்புறம் அண்ணன் தம்பியோடு திரும்பி வந்தது. அடுத்து ஒருவர் கண்டங்கத்தரி விதையைப் புகைபோட்டு, "பல்லுப்பூச்சி விழுந்திருச்சு!" என்று எதையோ நெளிய விட்டுக் காட்டினார். பூச்சி விழுந்தது, வலி விழவில்லை. அந்தப் பூச்சி அவர் இடுப்பு முடிச்சிலிருந்து வந்தது என்பதை மரிக்கொழுந்து பார்த்துவிட்டாள்.

மூன்றாவதாகக் குறட்டு மாசானம் வந்தார். ஊரில் ஆணி பிடுங்குவதும் அவர்தான், பல் பிடுங்குவதும் அவர்தான். இரண்டுக்கும் ஒரே குறடு.

"ஒரே இழுப்பு, சாமி!" என்றார்.

"இழுத்துத் தொலை!" என்று வாயைத் திறந்தார் மந்திரவாதி.

மரிக்கொழுந்து நடுவே பாய்ந்தாள். "பல் போனா சொல் போச்சு! அந்தப் பல்லு இல்லாம எதைக் கடிச்சு மந்திரம் சொல்லுவீங்க? என் மச்சான் என்ன ஆவாரு?"

குறடு அந்தரத்தில் நின்றது. மந்திரவாதியின் வாயும் திறந்தபடி நின்றது. அவருக்கும் அப்போதுதான் உறைத்தது. அந்தப் பல் போனால் அவர் மந்திரவாதியே இல்லை, தாடி வைத்த கிழவர்.

"பின்ன என்னதான் செய்யச் சொல்ற?" என்றார், அழாக்குறையாக.

"ஊரு மாட்டையெல்லாம் மை போட்டுக் கண்டுபிடிக்கிறீங்களே சாமி. உங்க பல்லுக்குள்ள என்ன இருக்குன்னு ஒரு தடவை மை போட்டுப் பாருங்க."

மை போட மந்திரம் வேண்டாம், மை இருந்தால் போதும். சடாமுடியான் ஒரு வெற்றிலையில் மையைத் தடவினார். இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

பல் ஒரு கோட்டையாகத் தெரிந்தது. வெளியே வெள்ளை மதில். உடம்பிலேயே அதைவிடக் கெட்டியானது வேறில்லை. அதற்குள் மஞ்சள் மதில். அது கொஞ்சம் மெத்தென்றது. நடுவே ஒரு சிவப்பு அறை. அங்கேதான் நரம்பு படுத்திருந்தது, தொட்டால் துள்ளுகிற நரம்பு. வெள்ளை மதிலில் ஓர் ஓட்டை. அதன் வழியே உள்ளே போனால் மஞ்சள் மதிலில் பெரிய பள்ளம். அந்தப் பள்ளத்தில் கண்ணுக்குத் தெரியாத குட்டிச்சாத்தான்கள் கோடிக்கணக்கில் குதித்துப் பாடின.

"இனிப்பு எங்களுக்கு! புளிப்பு பல்லுக்கு! குழி உனக்கு!"

"அடப்பாவிகளா!" என்றார் சடாமுடியான். "குட்டிச்சாத்தானை ஏவுறவனே நான். என் வாய்க்குள்ளேயேவா?"

"நீர்தானே ஐயா சோறு போட்டீர்!" என்றது ஒரு சாத்தான். "உம்ம கருப்பட்டியைத் தின்னோம். தின்னுட்டுப் புளிச்ச தண்ணியா கக்கினோம். புளிச்ச தண்ணி பட்டா மதில் கரையும். எச்சில் வந்து கழுவி, கரைஞ்சதை மெல்லப் பூசப் பார்த்துச்சு. அதுக்குள்ள அடுத்த கருப்பட்டி வந்துரும்! முதல்ல வெள்ளையா ஒரு புள்ளி. அப்புறம் பழுப்பா ஒரு புள்ளி. அப்புறம் கறுப்பா ஒரு குழி. மேல ஓடு மட்டும் நின்னுச்சு. கோபத்துல கடிச்சு அதையும் நீரே உடைச்சுக்கிட்டீர். இனிச் சிவப்பு அறைதான் பாக்கி. அதுக்குள்ள நாங்க நுழைஞ்சா இதெல்லாம் ஒரு வலியான்னு கேப்பீர்!"

மரிக்கொழுந்து ஓட்டையைத்தான் பார்த்தாள். ஓட்டை என்றால் அடைத்துவிடலாமே! தேன்மெழுகை உருட்டிக் குழியை நன்றாக அடைத்தாள். மந்திரவாதி சிரித்தார். விடிவதற்குள் அவர் போட்ட கூச்சலில் குன்றத்து வௌவால்கள் எல்லாம் குடி பெயர்ந்தன.

மறுபடி மையில் பார்த்தால், அடைத்த மெழுகுக்குக் கீழே, இருட்டில், மிச்சம் இருந்த கருப்பட்டியோடு சாத்தான்கள் பந்தி போட்டிருந்தன. "கதவு சாத்திக் கொடுத்த மகராசி வாழ்க!" என்று அவளுக்கு வாழ்த்து வேறு.

"திருடனை உள்ள வச்சே வீட்டைப் பூட்டியிருக்கேன்," என்று தலையில் அடித்துக்கொண்டாள் மரிக்கொழுந்து.

வெளியே வந்தாள். ஆடு குகை வாசலில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடல் பக்கம் முகம் இருந்ததே தவிர, கண்ணில் கடல் இல்லை. வீட்டை அது எப்போதோ மறந்திருந்தது.

"மச்சான்?"

ஆடு கொஞ்சம் யோசித்து, பிறகு திரும்பிப் பார்த்தது.

அவள் மலையிறங்கி வீட்டுக்கு ஓடினாள். முத்துத் துளைக்கும் துறப்பணத்தை எடுத்துவந்தாள். சின்ன வில்லை இழுக்க, அதன் நாணில் சிக்கிய ஊசி கிறுகிறுவென்று சுழலும், அதுதான் துறப்பணம். அதைப் பார்த்ததும் சடாமுடியான் குகையின் மூலைக்குப் போய்விட்டார்.

"வலிக்குமா?"

"கூசும் சாமி. கிராம்புத் தைலம் வச்சு மரத்துப்போகப் பண்ணிடுறேன். தாங்க முடியலைன்னா கையைத் தூக்குங்க, நிறுத்திடுறேன்."

"எதுக்கு நோண்டணும்? மெழுகுக்குப் பதிலா என்கிட்ட இருக்கிற வெள்ளிச் சாந்தை வச்சு மூடிடு."

"சொத்தை ஒரு துளி மிச்சமிருந்தாலும் மறுபடி அதே கதைதான். முழுக்க எடுத்தாத்தான் மூட முடியும்."

இதற்குள் பௌர்ணமி வந்துவிட்டது. பொழுது சாயும் நேரம். நிலா எழக் கீழ்வானம் வெளுத்துக்கொண்டிருந்தது. வேலையைத் தொடங்குமுன் மரிக்கொழுந்து வாசலைப் பார்த்து ஒரு முறை கூப்பிட்டாள்.

"மச்சான்?"

ஆடு புல்லைத் தின்றுகொண்டிருந்தது. தலையைத் தூக்கவில்லை.

வீடு போயிற்று, கடல் போயிற்று, இப்போது அவளும் அவன் நினைவிலிருந்து போய்விட்டாள். ஆனால் கை நடுங்கினால் முத்து போய்விடும் என்று பழகிய கை அது. கண்ணில் நீர் வழிந்தது. கை அசையாமல் நின்றது. பல்லைப் பிடுங்க இன்னும் காத்திருந்த மாசானம் தன் குறட்டைக் கீழே வைத்துவிட்டு, விளக்கைத் தூக்கிப் பிடித்தார்.

துறப்பணம் சுழன்றது. சொத்தை மெத்தென்று, சத்தமில்லாமல், பொடிப்பொடியாக உதிர்ந்தது. சாத்தான்கள் "எங்க வீடு! எங்க வீடு!" என்று அலறின. மந்திரவாதி ஒரு முறை கையைத் தூக்கினார், அவள் நிறுத்தினாள். மூச்சு வாங்கிக்கொண்டு, "ம்" என்றார், தொடர்ந்தாள். கடைசியில் ஊசி 'கிறீச்' என்றது. நல்ல முத்தில் பட்டால் வருமே, அதே சத்தம். கெட்டியான நல்ல பல் வந்துவிட்டது. அதற்கு அப்பால் சிவப்பு அறையைக் காக்கும் மெல்லிய சுவர் மட்டும் மிச்சம். அதோடு கையை எடுத்துவிட்டாள்.

"சாமி, இப்ப வாயைக் கொப்புளிங்க."

"கொப்புளிச்சா மந்திரசக்தி..."

"கொப்புளிங்க!"

ஆயுசில் முதல் முறையாகச் சடாமுடியான் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் வாய் கொப்புளித்தார். துப்பிய தண்ணீரில் என்னென்ன போயிற்று என்று நான் சொல்ல மாட்டேன். நீங்கள் சாப்பிட்டுவிட்டு வந்திருப்பீர்கள். மந்திரசக்தி மட்டும் போகவில்லை.

குழியைப் பஞ்சால் ஒற்றி ஈரமில்லாமல் காயவைத்தாள். மந்திரவாதியின் வெள்ளிச் சாந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து, சந்தில்லாமல் அழுத்தி, வழித்து நிரப்பினாள். அது இறுகக் காத்திருக்க வேண்டியிருந்தது. நிலாவோ யாருக்கும் காத்திருக்காமல் ஏறிக்கொண்டிருந்தது.

"இப்ப மெல்லக் கடிச்சுப் பாருங்க."

"ஒரு பக்கம் முட்டுது."

மேட்டை லேசாகத் தேய்த்தாள். "இப்ப?"

மந்திரவாதி கடித்தார். இன்னும் அழுத்திக் கடித்தார். அவர் கண்கள் அகன்றன.

"பல்லு இருக்கிறதே தெரியலை, தாயி!"

"சாமி, நிலா!"

சடாமுடியான் வாசலுக்கு ஓடினார். ஆட்டின் தலையில் கையை வைத்து மந்திரத்தைச் சொன்னார். கருப்பட்டி இல்லாமலே ஒவ்வொரு எழுத்தாக வந்தது. கடைசி எழுத்து. கடைவாயை இறுக்கிக் கடித்தார். வெள்ளி அசையவில்லை.

புல்தரையில் ஒரு மனிதன் முட்டிபோட்டு இருந்தான். வாயில் இன்னும் புல். மலங்க மலங்க விழித்தான். மரிக்கொழுந்துக்குக் கூப்பிடப் பயம். கூப்பிட்டு, திரும்பாமல் போய்விட்டால்?

"மச்சான்?" என்றாள் மெல்ல.

அவன் திரும்பினான். "கொழுந்து," என்றான். "ஏன் அழுற?"

அவள் அவனைக் கட்டிக்கொண்டு இன்னும் அழுதாள். விளக்கைப் பிடித்திருந்த மாசானமும் அழுதார்.

மறுநாள் சடாமுடியானின் மந்திரத்தில் அலை அடங்கியது, ஊர் முத்துக் குளித்தது. அன்று முதல் கருங்குன்றத்துக்குப் போகிறவர்கள் கருப்பட்டிக்குப் பதிலாக வேப்பங்குச்சி கொண்டுபோனார்கள். சடாமுடியான் காலையிலும் படுக்கும்முன்பும் பல் விளக்கினார். பொங்கலன்று மட்டும் ஒரு துண்டு கருப்பட்டி தின்பார், தின்றதும் கொப்புளிப்பார். குட்டிச்சாத்தான்கள் முழுக்க ஒழிந்தனவா? இல்லை. உங்கள் வாயிலும் என் வாயிலும் இப்போதும் பந்திக்குக் காத்திருக்கின்றன. இலை போடுவதும் போடாததும் நம் கையில்.

ஒன்றை விட்டுவிட்டேனே. அன்று குன்றத்தை விட்டு இறங்குமுன் சேந்தன் மந்திரவாதியைக் கும்பிட்டான். வீக்கம் வற்றிப்போன கன்னத்தை உற்றுப் பார்த்தான். அவன் உதட்டோரம் துடித்தது.

"என்ன சாமி, கொழுக்கட்..."

மரிக்கொழுந்தின் கை அவன் வாயை இறுகப் பொத்தியது. ஊர் வந்து சேரும்வரை அவள் அந்தக் கையை எடுக்கவே இல்லை.