எது கனம்?

தீப்பெட்டி ஆலை முதலாளி சீனிராஜ், டீ கொண்டுவந்தவனையே முதலில் ஒரு வாய் குடிக்கச் சொல்லும் ஆசாமி.

மதுரைத் துப்பாக்கிக் கடையில் இரண்டு ரிவால்வர் காட்டினார்கள். நீளமானது குறி பார்த்துச் சுட்டுப் பழக, குட்டையானது வீட்டுக் காவலுக்கு. கடைக்காரரை நம்பாமல் டிரைவர் மாடக்கண்ணுவைக் கூப்பிட்டார்.

"திருடன் வந்தா எதுடா உதவும்? தப்பாச் சொன்னே, உன் சீட்டைக் கிழிச்சிருவேன்!"

"குண்டை எங்க வைப்பீங்க மொதலாளி?"

"உங்களையெல்லாம் நம்பி வீட்டுலயா வைப்பேன்? துப்பாக்கி தலையணைக்கடியில, குண்டு பேங்க் லாக்கர்ல!"

மாடக்கண்ணு இரண்டையும் தூக்கிப் பார்த்தான். "அப்ப நீளமானதை வாங்குங்க. இதுதான் கனம். பேங்க் தெறக்குற வரைக்கும் திருடன் நிக்கமாட்டான். இதை எறிஞ்சா மண்டையாவது உடையும்."

கடைக்காரர் குனிந்து சிரித்தார். முதலாளி மாடக்கண்ணுவைச் சந்தேகமாக முறைத்துவிட்டு, கடைக்காரரிடம் கேட்டார்:

"தராசு இருக்கா?"