ஈச்சங்கரை கொடுத்த மனு

நகரத்துக்குப் போகிற மின்சார ரயில் தடத்தில், கடைசிக்கு முந்தியதாக ஒரு சின்ன நிலையம் இருந்தது. பெயர் ஈச்சங்கரை. இரண்டு நடைமேடை, ஒரு டிக்கெட் கவுண்டர், ஒரு சிமெண்டுப் பெஞ்சு, இவ்வளவுதான் அதன் சொத்து. அதற்கு அடுத்த நிலையம் மேலையூர். ரயில் அங்கேதான் புறப்படும், அங்கேதான் போய் முடியும். பக்கத்தில் இருப்பவள் செழிப்பாக இருந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? ஈச்சங்கரைக்கும் பொறுக்கவில்லை.

அதன் பொறாமைக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. காலையில் நகரத்துக்குக் கிளம்பும் ரயில் மேலையூரில் காலியாக நிற்கும். அங்கே ஏறுகிறவர்கள் நிதானமாக ஜன்னலோரம் பார்த்து உட்காருவார்கள். ஏழே நிமிடத்தில் அதே ரயில் ஈச்சங்கரைக்கு வரும்போது, உட்காருவதை விடுங்கள், பிடித்துக்கொள்ளக் கம்பி கிடைத்தாலே பெரிய காரியம்.

"அவ உக்கார வச்சு அனுப்புறா, நான் நிக்க வச்சு அனுப்புறேன். எனக்கு எப்படி நல்ல பேரு வரும்?" என்று ஈச்சங்கரை பெஞ்சிடம் புலம்பும்.

"என்கிட்ட மூணு பேரு உக்கார இடம் இருக்கு. அதுக்கு மேல என்னைக் கேக்காத" என்று பெஞ்சு சொல்லிவிடும். அதற்கு எதிலும் பதற்றம் கிடையாது.

இதைக்கூட ஈச்சங்கரை பொறுத்துக்கொண்டிருக்கும். பொறுக்க முடியாதது வேறொன்று. அந்த ஊர்க்காரர்கள் சுமார் நாற்பது பேர் ஒரு தந்திரம் கண்டுபிடித்திருந்தார்கள். நகரத்துக்குப் போகவேண்டியவர்கள், எதிர்த்திசையில் மேலையூருக்குப் போகும் ஏழு முப்பத்தைந்து வண்டியில் ஏறுவார்கள். அது காலியாகத்தான் போகும். ஏறி உட்கார்ந்தால் மேலையூரில் இறங்கவே மாட்டார்கள். வண்டி அங்கே எட்டு நிமிடம் நின்று, அப்படியே முகம் திருப்பி நகரத்துக்குக் கிளம்பும். ஏழு ஐம்பத்தேழுக்கு ஈச்சங்கரையைக் கடக்கும்போது நாற்பது பேரும் உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருப்பார்கள். இருபத்திரண்டு நிமிடம் செலவழித்துப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வதற்கு இத்தனை சந்தோஷம்.

தன் வீட்டுப் பிள்ளைகள் அடுத்த வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் தன் வாசல் வழியாக ஏப்பம் விட்டுப் போனால் எப்படி இருக்கும்? ஈச்சங்கரைக்குத் தினமும் காலையில் அப்படித்தான் வயிறு எரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்துமதியும் அவள் கணவன் சுகுமாரும் வீடு பார்க்க வந்தார்கள். அவளுக்கு நகரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. காலை ஒன்பதரை முதல் சாயங்காலம் ஆறு வரை நின்றுகொண்டே புடவை பிரித்துக் காட்ட வேண்டும், உட்காரக் கூடாது. அவனுக்குப் பக்கத்துத் தொழிற்பேட்டையில் லேத்துப் பட்டறையில் வேலை.

சுகுமார் எதையும் அளந்து பார்க்கிற ஆள். தரகர் "ஸ்டேஷன்லேருந்து ரெண்டே நிமிஷம்" என்று சொன்னதை நம்பாமல், கைபேசியில் நேரம் வைத்துக்கொண்டு வீட்டு வாசலிலிருந்து நடைமேடை வரைக்கும் நடந்தான்.

"நாலு நிமிஷம் பத்து செகண்டு" என்றான்.

"பரவால்லியே. தரகர் சொன்னா பத்துன்னு நான் வச்சிருந்தேன்" என்றாள் இந்துமதி, பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டியபடி.

"மேலையூர்ல பார்த்த வீடும் மோசமில்ல, இந்து. அங்க ஏறினா உனக்கு உக்கார இடம் கெடைக்கும். நாள் பூரா நிக்கிறவ நீ."

"அங்க வீட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் ஷேர் ஆட்டோ வேணும். தண்ணி வேற உப்பு." அவள் நிமிர்ந்து, தண்டவாளத்தைத் தாண்டித் தெரிந்த மாடி வீட்டின் ஜன்னலைப் பார்த்தாள். அவர்கள் பார்த்துவிட்டு வந்த வீடு அதுதான். "எனக்கு இந்த ஊருதாங்க. இங்கயே புடிச்சிருவோம்."

ஈச்சங்கரைக்குத் தலைகால் புரியவில்லை. மேலையூரையும் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தன்னிடம் வந்தவள் இவள் ஒருத்திதான். "கேட்டியா? எனக்கு இந்த ஊருதான்னு சொன்னா" என்று அன்றைக்கு முழுக்கப் பெஞ்சிடம் பத்துத் தடவை சொல்லிவிட்டது.

அடுத்த வாரம் குழந்தையோடு குடிவந்தார்கள். திங்கட்கிழமை காலை இந்துமதி கவுண்டருக்கு வந்தாள். ஈச்சங்கரை காதைத் தீட்டிக்கொண்டது.

"ஒரு மாச சீசன் குடுங்க. மேலையூர்லேருந்து."

வீட்டுக்காரம்மா தந்திரத்தைச் சொல்லிக்கொடுத்திருந்தாள். மேலையூர் போய்த் திரும்புகிறவர்கள் மேலையூரிலிருந்துதான் சீசன் டிக்கெட் எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் பரிசோதகரிடம் மாட்டுவார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லியிருந்தாள். ஈச்சங்கரையின் சொந்தக் கவுண்டரே மேலையூர் என்று பெயர் அடித்த அட்டையைக் கொடுத்தது. இந்துமதி அதைக் கைப்பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு இரண்டாவது நடைமேடைக்குப் போனாள். மற்ற நாற்பது பேரோடு நாற்பத்தோராவது ஆளாக ஏழு முப்பத்தைந்தில் ஏறினாள்.

தாலி கட்டினவன் கையில் சக்களத்தி பெயரைப் பச்சை குத்தியிருந்தால்கூட ஈச்சங்கரைக்கு இவ்வளவு வலித்திருக்காது.

ஏழு ஐம்பத்தேழுக்கு வண்டி திரும்பி வந்தது. ஜன்னலில் இந்துமதி தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். வண்டி நிற்பது முப்பது நொடி. பேசவேண்டியதை அதற்குள் பேசிவிட வேண்டும்.

"எங்க ஊருப் பொண்ண எங்க கூட்டிட்டுப் போயிட்டு வர்ற?" என்று வண்டியைக் கேட்டது ஈச்சங்கரை.

"நானா கூப்பிட்டேன்? அவங்களா ஏறினாங்க" என்றது வண்டி. "அக்கா, மேலையூர் உன்கிட்ட ஒண்ணு சொல்லச் சொல்லிச்சு. அது என்னன்னா..."

"அவ பேச்சு எனக்கு எதுக்கு?"

ஹாரன் அடித்தது. வண்டி போய்விட்டது.

அன்றிலிருந்து ஈச்சங்கரைக்குக் காலை மட்டும்தான் கண்ணில் பட்டது. முதல் நடைமேடையில் ஏறுகிறவர்களை எண்ணும்: மூன்று, சில நாள் நான்கு. இரண்டாவதில் எண்ணும்: நாற்பத்தொன்று. சாயங்காலம் ஏழே முக்கால் மணி வண்டியிலிருந்து அந்த நாற்பத்தொரு பேரும் இறங்குவார்கள். கொத்தமல்லிக் கட்டும் பால் பாக்கெட்டுமாக நடைமேடை நிறையும். இந்துமதி இறங்கியதும் நேரே போகமாட்டாள். ஒரு நிமிடம் பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிப் பாதத்தை அமுக்கிவிட்டுக்கொள்வாள். மாடி ஜன்னலில் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பாள். எரிந்தால் சுகுமார் வந்து உலை வைத்துவிட்டான் என்று அர்த்தம். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு நடப்பாள். இதையெல்லாம் பெஞ்சு பார்த்தது. ஈச்சங்கரை அந்த நேரத்தில் காலையில் நடந்ததை நினைத்துக் குமைந்துகொண்டிருக்கும்.

ஒரு நாள் ஈச்சங்கரை ஒரு முடிவுக்கு வந்தது.

"மனு கொடுக்கப்போறேன்" என்றது.

"என்னன்னு?" என்று கேட்டது பெஞ்சு.

"ஏழு முப்பத்தஞ்சு இனிமே என்கிட்ட நிக்க வேண்டாம்னு. அது நின்னாத்தானே ஏறி அவகிட்ட போறாங்க? நிக்கலன்னா எல்லாரும் முதல் நடைமேடைக்கு வந்துதானே ஆகணும்? அப்புறம் எங்க ஊரு ஜனம் எங்க ஊருல ஏறும்."

"நிக்காட்டி அவங்களுக்கு உக்கார இடம் போயிரும்."

"மேலையூருக்கு ஆள் போயிரும். அது போதும் எனக்கு."

"மூக்கை அறுத்துக்கிட்டு அடுத்தவளுக்குச் சகுனத் தடை பண்ணாத" என்றது பெஞ்சு. சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தது. உட்காருகிறவர்களைச் சுமப்பதுதான் அதன் வேலை.

மனுவை வண்டியே எடுத்துப் போயிற்று. நகரத்துப் பெரிய நிலையத்தில், கண்ணாடிக்குப் பின்னால், கால அட்டவணை உட்கார்ந்திருந்தது. வண்டிகள் நிற்பதும் போவதும் அதன் வாக்கு. நிறுத்தம் வேண்டும் என்று கேட்டு வந்த மனுக்கள் அதன் காலடியில் பத்து வருஷமாகத் தூசி படிந்து கிடந்தன. வேண்டாம் என்று கேட்டு ஒரு மனு வருவது அதன் அனுபவத்தில் இதுவே முதல் தடவை. இரண்டு முறை படித்துப் பார்த்தது.

"நிஜமாவே வேண்டாமாமா?"

"ஆமாங்க" என்றது வண்டி.

"இவ்வளவு நல்ல புத்தி எல்லா ஸ்டேஷனுக்கும் வரணும்" என்று சொல்லி, கால அட்டவணை அப்போதே ஒரு கோடு போட்டது. பத்தே நாளில் உத்தரவு வந்து சுவரில் ஒட்டப்பட்டது.

மறுநாள் ஏழு முப்பத்தைந்து நிற்காமல் ஓடியது. இரண்டாவது நடைமேடையில் நின்ற நாற்பத்தொரு பேரும் வாயைப் பிளந்து பார்த்துவிட்டு, முதல் நடைமேடைக்கு ஓடினார்கள். ஈச்சங்கரை பூரித்துப்போயிற்று. அதன் நினைவில் முதல் நடைமேடையில் இவ்வளவு கூட்டம் நின்றதே இல்லை. ஏழு ஐம்பத்தேழு வந்தது. கதவு வரைக்கும் ஆட்கள். அடித்துப் பிடித்து ஏறியவர்கள் முப்பது பேர். மற்றவர்கள் அடுத்த வண்டிக்கு நின்றார்கள். ஏறிய முப்பது பேரில் இந்துமதியும் ஒருத்தி. ஒரு கால் உள்ளே, ஒரு கால் வாசற்படியில்.

"இன்னிக்கு என்கிட்ட ஏறினா, பாத்தியா" என்றது ஈச்சங்கரை.

பெஞ்சு, அடுத்த வண்டிக்காக உட்கார்ந்த மூன்று பேரைச் சுமந்துகொண்டிருந்தது.

அப்படியே பத்து நாள் போயிற்று. பத்து நாளும் இந்துமதி ஒன்றேகால் மணி நேரம் நின்றுகொண்டு போனாள், கடையில் எட்டரை மணி நேரம் நின்றாள். எதிர்த்திசையில், ஏழு முப்பத்தைந்துக்கு முந்தின வண்டி ஆறு இருபதுக்கு. சமையலை முடித்துக் குழந்தையைக் கிளப்பிவிட்டு அதைப் பிடிக்க அவளால் முடியவில்லை. பதினோராவது நாள் சாயங்காலம் அவள் ஏழே முக்கால் மணி வண்டியில் இறங்கி, பெஞ்சில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. ஜன்னலில் விளக்கு எரிந்தது. கால் மணி கழித்து சுகுமாரே தேடிக்கொண்டு வந்தான். அவள் கணுக்கால் வீங்கிப் பளபளவென்று இருந்தது.

"மேலையூருக்கே போயிரலாம், இந்து" என்றான். "அந்த வீடு இன்னும் காலியாத்தான் இருக்காம்."

அவள் மாடி ஜன்னலைப் பார்த்தாள்.

"எனக்குப் புடிக்கலங்க" என்றாள். "வண்டி எங்க ஏறினா என்ன? இறங்குறது இங்கன்னு இருந்தேன். இறங்கினதும் நம்ம வீட்டு லைட்டு தெரியும். அதப் பார்த்தா பாதி வலி போயிரும். இந்த பெஞ்சுல உக்காந்து பார்த்தப்போ அதுக்குத்தான் இந்த வீட்டப் புடிச்சேன்."

"தெரியும்."

"காலு தாங்கலங்க. தாங்கினா போகமாட்டேன்."

ஈச்சங்கரை அதைக் கேட்டது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, கணவன் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நடந்ததைப் பார்த்தது. சாயங்காலத்தை அது கண்ணைத் திறந்து பார்த்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் காலை வண்டி வந்ததும் அலறாத குறையாகக் கேட்டது. "அந்த மனுவத் திருப்பி வாங்கிக் குடு. நிறுத்தம் வேணும்னு சொல்லு."

"வேணும்னு கேட்டா அதுக்குத் தனி அடுக்கு இருக்குக்கா. மேலேருந்து கீழ வர பத்து வருஷம் ஆகும்" என்றது வண்டி.

"சரி, மேலையூர் என்னமோ சொல்லச் சொன்னாளே, அது என்ன?"

"இப்பவாவது கேட்டியே. மேலையூர் சொன்னது இதான்: என்கிட்ட எல்லாரும் ஏற மட்டும்தான் வர்றாங்க, தூங்கிட்டே போயிடறாங்க, ஈச்சங்கரைக்காரங்க நாப்பது பேரு வந்து ஒருத்தராவது காலைத் தரையில வைக்கிறாங்களா, வீடுன்னு சொல்லி இறங்குறது எல்லாம் ஈச்சங்கரையிலதான், அவ குடுத்து வச்சவன்னு சொல்லிச்சு. தினமும் சொல்லி அனுப்பிச்சு. பொறாமையா இருக்குன்னு சொல்லச் சொல்லிச்சு."

ஹாரன் அடித்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு குட்டியானை வண்டி மாடி வீட்டு வாசலில் நின்றது. கட்டில், பீரோ, குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள் எல்லாம் ஏறின. அடுத்தடுத்த மாதங்களில் அந்த நாற்பது பேரில் பாதிப் பேர் அப்படியே கிளம்பினார்கள்.

இப்போதும் சாயங்காலம் ஏழே முக்கால் மணி வண்டி ஈச்சங்கரையில் நிற்கிறது. இந்துமதி ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். நிற்கிற முப்பது நொடியும் அவள் கழுத்து தானாகத் திரும்பி அந்த மாடி ஜன்னலைப் பார்க்கிறது. அங்கே விளக்கு இல்லை. வண்டி கிளம்பிவிடுகிறது.

வீடு மாறியதில் அவள் ரேஷன் கார்டை மாற்ற வேண்டியிருந்தது, கேஸ் இணைப்பை மாற்ற வேண்டியிருந்தது, குழந்தைக்குப் பள்ளிக்கூடத்தை மாற்ற வேண்டியிருந்தது. சீசன் டிக்கெட்டை மட்டும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.