போதும் என்று சொல்லாத விருந்தாளி

அந்தக் காலத்தில் பூச்சிகளும் எறும்புகளும் நம்மைவிட நன்றாகப் பேசின. பேச்சு மட்டுமா? வீடு வாசல், விருந்து உபசாரம், கோபதாபம் எல்லாம் அவற்றுக்கும் இருந்தன. தெற்கே கடலை ஒட்டிச் செம்மணல் மேடுகள் கிடக்கின்றன அல்லவா, தேரி என்பார்கள், அங்கே ஓர் உடைமரத்தடியில் சீனியம்மாள் குடியிருந்தாள். இன்று மணலில் புனல் மாதிரிக் குழி பறித்து அடியில் பதுங்கியிருக்கிறதே குழியானை, அந்தப் பூச்சி வம்சத்துக்கே மூத்தவள் அவள். அப்போது அவளுக்குக் குழியும் கிடையாது, அந்தப் பெயரும் கிடையாது. எல்லோரையும்போல முன்னோக்கித்தான் நடந்தாள். நடந்தாள் என்ன, ஓடினாள். அடுப்புக்கும் வாசலுக்கும் ஓடியே அவள் கால் தேய்ந்திருக்கும்.

அவள் வாசலைத் தாண்டி யாரும் பசியோடு போனதில்லை. போகவும் விடமாட்டாள், மகராசி. ஒருமுறை ஒரு பொன்வண்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு மல்லாந்துவிட்டது. பக்கத்து வீட்டு எறும்பு சுடலைவடிவு ஓடிவந்து, "ஏட்டி சீனி, அந்த மனுசன் செத்துருவாரு, விடுட்டி!" என்று அகப்பையைப் பிடுங்க வேண்டியதாயிற்று. சுடலைவடிவும் சீனியம்மாளும் சின்ன வயதிலிருந்தே சேக்காளிகள். ஒருத்தி வீட்டுக் குழம்பு இன்னொருத்தி வீட்டுக்குப் போகாத நாள் கிடையாது.

தேரியில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. விருந்தாளி தன் வாயால் "போதும்" என்று சொல்லும்வரை பரிமாறுகிற கை நிற்கக்கூடாது. கை நிற்காதவரை விருந்தாளி எழுந்திருக்கக்கூடாது. சரி, பரிமாறுகிறவளே "போதும்" என்று சொல்லிவிட்டால்? அதைவிடக் கேவலம் வேறில்லை. கேவலம் மட்டுமில்லை, அந்த விருந்தாளியின் பசி அவள் வயிற்றில் ஏறிக்கொள்ளும், பிறகு இறங்கவே இறங்காது என்பார்கள். அப்படி யாரும் சொன்னதில்லை. அதனால் யாரும் பார்த்ததும் இல்லை.

ஒரு நாள் சாயங்காலம், வெயில் மஞ்சளாகச் சாய்ந்திருந்த நேரம். மணல் தூக்கத்தில் முனகுவதுபோல முனகியது. சீனியம்மாள் வாசலில் மண்ணுக்குள்ளிருந்து ஒரு கறுப்புப் பொட்டு மேலே வந்து நின்றது. கடுகில் பாதிகூட இராது. கறுப்பென்றால் காக்கைக் கறுப்பா, சட்டிக் கறுப்பா? அதெல்லாம் இல்லை. போய் விழுந்த வெளிச்சம் திரும்பி வராத கறுப்பு. அதைச் சுற்றி வெயில் வளைந்து வளையல் மாதிரி நின்றது. உடைமரத்தின் நிழல் தன் திசையை விட்டுவிட்டு மெல்ல அதன் பக்கம் திரும்பிப் படுத்தது.

"யாரு? உள்ளே வாங்க" என்றாள் சீனியம்மாள்.

"நான் உள்ளே வந்தால் உன் வீடு இருக்காது அம்மா" என்றது அது. மெல்லிய குரல், மரியாதையான குரல். "வானத்திலிருந்து விழுந்தவன் நான். உருவம் இவ்வளவுதான், கனம் ஒரு மலை. பூமியின் அந்தப் பக்கம் நுழைந்து இந்தப் பக்கம் வந்திருக்கிறேன். தலைமுடி நுழைகிற அளவு துளைதான் விழுந்தது, ஒருவருக்கும் தெரியவில்லை. மேலே வந்ததும் ஒரு கணம் நிற்பேன். மறுபடி விழுந்துவிடுவேன். அந்த ஒரு கணம்தான் எனக்கு ஓய்வு."

"அடப் பாவமே. சாப்பிட்டீங்களா?"

கேட்டாளே ஒரு கேள்வி!

"சாப்பிடுவதைத் தவிர நான் வேறொன்றும் செய்ததில்லை அம்மா. ஆனாலும் பசிக்கிறது."

இதற்கு மேல் சீனியம்மாளுக்குத் தாங்குமா? ஓடிப்போய் இலை கொண்டுவந்து போட்டாள். புல்லரிசிச் சோறு வைத்தாள், காணோம். முருங்கைப்பூத் தேனை ஊற்றினாள், காணோம். இலையையும் காணோம். "பாவம், எத்தனை நாள் பட்டினியோ" என்று இன்னோர் இலை போட்டாள். ஒரு கணம் நின்றுவிட்டு விழுந்திருக்க வேண்டியவன், பரிமாறுகிற கை நிற்காததால் அங்கேயே நின்றான்.

"இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?"

பதில் வரவில்லை. போதும் என்று சொல்லவில்லையே, பிறகென்ன? வைத்தாள். வைக்க வைக்க அவன் கனம் கூடியது. வாசல் மணல் வட்டமாக இறங்கத் தொடங்கியது. வழுவழுவென்று சரிந்து, நடுவில் கூர்ந்து, ஒரு குழி. அதன் ஓரத்தில் பொழுதே கெட்டிக்கூழாகிவிட்டது. பறந்துகொண்டிருந்த தும்பி இறக்கையை ஒருமுறை அடித்து முடிக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டது. யாருக்கும் பயம் வரவில்லை, அதுதான் பயங்கரம். எல்லோருக்கும் கண் சொக்கியது, அந்தப் பக்கம் கொஞ்சம் சரிந்து படுத்தால் சுகமாக இருக்கும் என்று தோன்றியது. முதலில் காய்ந்த சருகுகள் போயின. பிறகு சட்டி பானை போயிற்று. சீனியம்மாள் கைக்கு எட்டியதையெல்லாம் அள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தாள்.

அப்போதுதான் சுடலைவடிவு ஓர் அரிசியைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தாள். "ஏட்டி, விருந்தாளாமே? உனக்குப் பத்தாதேன்னு கொண்டாந்தேன்" என்று சொல்லிக் குழியின் விளிம்பில் கால் வைத்தாள். மணல் நிற்கவில்லை. அரிசி முதலில் உருண்டது, பின்னாலேயே அவளும் சரிந்தாள்.

"சீ... னீ..." என்று கூப்பிட்டாள். அந்தப் பெயர் அவள் வாயிலிருந்து வந்து சேர ஒரு யுகம் ஆனது.

சீனியம்மாள் பாய்ந்து அவளை முன்கால்களால் கட்டிப் பிடித்தாள். திரும்பி நடக்க வழியில்லை, திரும்பினால் பிடி விட்டுப்போகும். பின்கால்களை மணலில் ஊன்றிப் பின்னோக்கி இழுத்தாள். ஓரடி ஏறினால் இரண்டடி சறுக்கியது.

"ஐயா, அவ என் சேக்காளி! விட்டுருங்க!"

"நான் பிடிக்கவில்லை அம்மா" என்றது பொட்டு. குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. "எனக்குப் பிடிக்கவும் தெரியாது, விடவும் தெரியாது. என் பக்கத்தில் எல்லாம் விழுகிறது, அவ்வளவுதான்."

"அப்ப எழுந்திருங்க!"

"இலையில் உட்கார்ந்தவன் எப்படி எழுவேன்? உங்கள் வழக்கம் என்னையும் கட்டிவிட்டது."

"போதும்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன், புண்ணியமா போகும்!"

"அந்தச் சொல் என்னிடம் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்."

சுடலைவடிவுக்கு விளங்கிவிட்டது. இனி அந்தச் சொல்லைச் சொல்ல ஓர் ஆள்தான் மிச்சம். "சொல்லாதட்டி சீனி... என்னை விடு... அந்தப் பசி உனக்கு வேண்டாம்..." நீண்டு நீண்டு வந்தது அவள் குரல்.

சீனியம்மாள் அழுதாள். வாசலுக்கு வந்தவனை எழுப்பி அனுப்புவதா? தன் வீட்டில், தன் வாயால்? இப்படி ஒரு நாள் வரும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. ஆனால் கைக்குள் வடிவு சறுக்கிக்கொண்டிருந்தாள்.

"போதும்!" என்று கத்தினாள். "போதும் ஐயா, போயிட்டு வாங்க!"

பழக்கதோஷத்தைப் பாருங்கள். அந்த நேரத்திலும் அவளுக்கு "போங்க" என்று சொல்ல வாய் வரவில்லை.

"அப்படியே வருகிறேன் அம்மா" என்றது பொட்டு. மண்ணுக்குள் நழுவியது. தேரி ஒருமுறை மூச்சு விட்டது. வளைந்த வெயில் நிமிர்ந்தது. தும்பி விர்ரென்று பறந்துபோனது.

இருவரும் குழியின் ஓரத்தில் விழுந்து கிடந்தார்கள். சுடலைவடிவு சிரித்தாள், அழுதாள், சீனியம்மாளைக் கட்டிக்கொண்டு, "பொழச்சோம்ட்டி, பொழச்சோம்!" என்றாள். அப்போது சீனியம்மாளுக்கு ஒரு வாசனை வந்தது. வெந்த சோற்றின் வாசனை, அத்தனை நல்ல வாசனை. அது வடிவின் முதுகிலிருந்து வந்தது.

"வடிவு, தள்ளிப் போ."

"ஏன்ட்டி?"

"எனக்குப் பசிக்குது."

"இவ்வளவுதானா? இரு, வீட்டுல கூழ் இருக்கு..."

"அந்தப் பசி இல்லட்டி, இது அவரோட பசி. போயிரு. என் கண்ணுல படாதே. அவரை நான்தான் வரச் சொல்லியிருக்கேன். வந்தா இந்த வழியாத்தான் வருவாரு, நான் கீழேயே காத்திருக்கேன். நீ மட்டும் இந்தப் பக்கம் வந்துராதே."

சொல்லிக்கொண்டே, சேக்காளி முகத்தைப் பார்த்தபடியே, பின்னோக்கி நகர்ந்து குழியின் அடி மணலுக்குள் இறங்கினாள். முன்னோக்கி நடப்பது அவள் கால்களுக்கு மறந்தே போயிற்று.

குழியானை பின்னோக்கி நடப்பதும், குழி பறித்து அடியில் காத்திருப்பதும், விழுந்ததைத் தின்பதும் அன்று தொடங்கியவை. குழி விளிம்பில் எறும்பு வந்து எட்டிப் பார்த்தால் கீழேயிருந்து மண் பறந்து வரும், பார்த்திருப்பீர்கள். இரையைச் சறுக்கவைக்க எறிகிறது என்பார்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை. வராதே, வராதே என்று அவள் அன்று முதல்தான் மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருக்கிறாள், எறும்பும் அன்று முதல்தான் அவளைத் தேடி வந்துகொண்டே இருக்கிறது.