கடலுக்குத் திறந்து வைத்த கதவு

பொலிவியா நாட்டுக்கு ஒரு காலத்தில் கடல் இருந்தது. பக்கத்து நாடான சிலியோடு போரிட்டு அதை இழந்தது. கப்பற்படையை மட்டும் கலைக்கவில்லை. மலைமேல் இருக்கும் ஏரியில் அது இன்றும் மிடுக்காக அணிவகுக்கிறது. ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் 'கடல் நாள்' என்று, போன கடலை நினைத்து ஊர்வலமும் உண்டு. இவ்வளவும் புத்திசாலிகள் செய்தவை. மூடர்கள் செய்ததை இனித்தான் சொல்ல வேண்டும்.

உப்புப் பாலைவனத்தின் விளிம்பில், மேகம் தலையில் இடிக்கும் உயரத்தில் இருந்தது வில்காபாயா என்னும் சிற்றூர். கடல் நாளன்று அங்கு வந்த அதிகாரி ஒருவர், "கடல் ஒருநாள் திரும்பி வரும். அதற்காக ஒவ்வொரு பொலிவியனின் கதவும் திறந்தே இருக்க வேண்டும்" என்று முழங்கிவிட்டு, சூப்பைக் குடித்துவிட்டுப் போனார்.

அன்று முதல் அவ்வூரில் ஒருவரும் கதவைச் சாத்தவில்லை. சுமை தூக்க ஊரார் வளர்க்கும் லாமா என்ற விலங்குகள் வீடுகளுக்குள் புகுந்து விதைக்கிழங்கைத் தின்றன. விரட்டலாமா என்று கேட்டவர்களிடம், அதைப் பற்றி அதிகாரி எதுவும் சொல்லவில்லையே என்றார் ஊர்த்தலைவர் எவாரிஸ்தோ.

லாமா மேய்க்கும் தோரிபியோவின் வீடு மேற்குக் கோடியில் இருந்தது. கடல் மேற்கிலிருந்துதான் வரும். வந்ததும் தன் வாசலில்தான் முதலில் கால் வைக்கும் என்று அவனுக்குப் பெருமை பிடிபடவில்லை. அந்தப் பெருமை ஊர்க்கூட்டம் கூடும்வரைதான் நீடித்தது.

"உன் கதவு எவ்வளவு அகலமப்பா?" என்றார் எவாரிஸ்தோ.

"சுமையோடு ஒரு லாமா நுழையலாம், ஐயா."

"கடல் லாமாவைவிடப் பெரிதென்று கேள்வி."

கூட்டம் நெடுநேரம் யோசித்தது. தோரிபியோவின் மேற்குச் சுவரை இடிப்பதென்று தீர்மானமாயிற்று. முதலில் கையுயர்த்தியவன் தோரிபியோதான்.

அந்நாட்டில் ஜூன் மாதம்தான் கடுங்குளிர். வீட்டுக்குள் வாளித் தண்ணீர் கல்லாய் உறைந்தது. அவன் மனைவி சத்துர்னினா அடுப்பையும் கம்பளியையும் தூக்கிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் புறப்பட்டாள். "சுவர் எழும்பட்டும், வருகிறேன். அதுவரை உன் கடலைக் கட்டிக்கொண்டு படு" என்றாள்.

மனைவியும் இல்லை, அடுப்பும் இல்லை. சுவரை எழுப்பிக்கொள்ளத் தோரிபியோ அனுமதி கேட்டான். கடல் வந்த பிறகு பார்க்கலாம் என்றார்கள். கடல் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டான். கோயில் மணியடிக்கும் குமெர்சிந்தோவிடம் அதற்கு விடை இருந்தது. கீழ்நாட்டிலிருந்து மலையேறி வருபவர் எவரும் மூச்சிரைத்து, தலைசுற்றி விழுவார். கோகா இலைக் கஷாயம் கொடுத்துத்தான் அவ்வூரார் எழுப்புவார்கள்.

"கடலைவிடக் கீழே இருப்பவர் யார்? பாவம், பாதி வழியில் தலைசுற்றிக் கிடக்கும்" என்றான் குமெர்சிந்தோ.

அன்றிலிருந்து இடிந்த சுவரருகே அண்டா நிறைய, ஊரார் காய்ச்சிய கஷாயம் காத்திருந்தது. ஆறிப்போனால் கடல் கோபித்துக்கொள்ளும் என்று, ஆறியதையெல்லாம் தோரிபியோவே குடித்தான்.

ஜனவரியில் மழை கொட்டியது. உப்புவெளி நிரம்பி வழிந்து, ஒருநாள் விடியலில் அவன் வீட்டுக்குள் கணுக்காலளவு தண்ணீர் நின்றது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். உப்புக் கரித்தது.

ஊரே திரண்டது. எவாரிஸ்தோ தொப்பியைக் கழற்றி வணங்கினார்.

"கடல் ஆழமாக இருக்கும் என்றார்களே?" என்றான் குமெர்சிந்தோ.

"இவ்வளவு மலை ஏறினால் நீயும்தான் இளைத்திருப்பாய்" என்றார் எவாரிஸ்தோ.

கஷாயத்தை அதன் தலைமாட்டில் ஊற்றினார்கள். தலை எந்தப் பக்கம் என்பதில் மட்டும் சிறிது அடிதடி.

"ஒருமுறை பறிகொடுத்த கடல், ஐயா. மறுபடியும் ஓடவிடலாமா? சுவரைக் கட்டுங்கள்" என்றான் தோரிபியோ. ஊரே மண் குழைக்க ஓடியது. பொழுது சாய்வதற்குள் சுவர் எழும்பியது. வாசற்படியில் மண் அணைத்து, அதிகாரி வந்துபோன நாளுக்குப் பின் முதன்முறையாகக் கதவையும் சாத்தினார்கள்.

செய்தி கேட்ட சத்துர்னினா அடுப்பும் கையுமாகத் திரும்பி வந்தாள். கதவைத் தள்ளினாள். தண்ணீருக்கு நடுவே கட்டில்மேல் சம்மணமிட்டிருந்தான் கணவன்.

"அடுப்பை எங்கே வைக்க?" என்றாள்.

தோரிபியோ உதட்டில் விரல் வைத்தான்.

"மெதுவாகப் பேசு. கஷாயம் குடித்து இப்போதுதான் கண்ணயர்ந்திருக்கிறது."