முப்பது வீரர்கள் கட்டிய பரிசல்

ஆற்றுக்குக் குறுக்கே பாலம் கட்டலாம் என்று யாருக்குமே தோன்றாத காலம் அது. கேளுங்கள் கண்ணுகளா, பெரியவர்களும் காதைக் கொடுங்கள். அந்தக் காலத்தில் ஒரு ராஜா இருந்தார். அவர் நாட்டில் வெகுநாளாக நடந்த சண்டை ஒருநாள் ஓய்ந்தது.

சண்டை ஓய்ந்தால் நிம்மதிதானே? ராஜாவுக்கு நிம்மதி இல்லை. வேலையில்லாத முப்பது வீரர்கள் சும்மா உட்கார்ந்து தின்றார்கள், சும்மா படுத்துத் தூங்கினார்கள், சும்மா இருக்க முடியாமல் ஒருவரோடு ஒருவர் வம்பு வளர்த்தார்கள்.

அதே நாட்டில், ஆற்றின் நடுவில் ஒரு திட்டு. திட்டின் மேல் நூறு வீடு. ஆடி வெள்ளம் வந்தால் வீடெல்லாம் தண்ணீர். தப்பித்துக் கரையேறப் பரிசல் வேண்டும். பரிசல் தெரியும்தானே? மூங்கிலைப் பிளந்து, வட்டக் கூடையாகப் பின்னி, அடியில் தோல் போர்த்தி, பிசின் பூசி, துடுப்புப் போட்டு ஓட்டுவது. திட்டில் இருந்தது ஒரே பரிசல். அதைக் கட்டத் தெரிந்ததும் ஒரே ஆள். அவள் பேர் தங்காயி, கைக்குழந்தைக்காரி.

ராஜா ஒரு யோசனை செய்தார். ஆற்றங்கரையில் பரிசல் பள்ளிக்கூடம் திறந்தார்.

"முப்பது பேரும் பரிசல் கட்டப் படியுங்கள். ஆடி பதினெட்டுக்குள் முப்பது பரிசல் மிதக்க வேண்டும். மிதக்காவிட்டால் திட்டைக் காலி செய்து, ஜனங்களை மேட்டுக் காட்டுக்கு அனுப்பிவிடுவேன். வருஷா வருஷம் சாவைப் பார்க்க என்னால் முடியாது."

முதலில் பாடம் நடத்த வந்தவர் அரண்மனைப் புலவர். மூங்கிலின் வகை ஒன்பது, தோலின் வகை ஏழு, முடிச்சின் வகை பதினொன்று என்று பாட்டாகவே பாடினார். பத்து நாள் பாடினார். வீரர்கள் அந்தத் தாளத்துக்கே குறட்டை விட்டார்கள்.

இரண்டாவதாக வந்தவர் சேனைத்தலைவர். கையில் பிரம்பு. முடிச்சுத் தப்பினால் ஓர் அடி. அவர் பார்க்கும்போது கட்டினார்கள், திரும்பியதும் அவிழ்த்தார்கள். பத்து நாளில் ஏழு கூடை தேறியது. ஏழும் கரையிலேயே கிடந்தன. அதில் ஏற யாருக்குத் தைரியம்?

மூன்றாவதாக, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தங்காயியே ராஜா முன்னால் போய் நின்றாள்.

"மகராசா, அவங்களை என்கிட்ட விடுங்க."

"உனக்குக் கட்டத் தெரியும். சொல்லிக் கொடுக்கத் தெரியுமா?"

"தெரியாதுங்க. ஆனா அவங்க கத்துக்கலேன்னா போறது என் வீடு. அதனால எப்படியும் கண்டுபிடிச்சிடுவேன்."

ராஜா தலையை ஆட்டினார். மிச்சம் இருந்தது இருபது நாள்.

மறுநாள் காலை முப்பது மீசையும் வரிசையாக நின்றன. அதில் பெரிய மீசைக்காரன் காளத்தி. அவன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"ஏம்மா, ஈட்டி பிடிச்ச கையிம்மா இது. கூடை முடையச் சொல்றியே! நாளைக்கு அதை இடுப்புல வச்சுக்கிட்டு சந்தைக்குப் போகச் சொல்லுவியோ?"

எல்லோரும் சிரித்தார்கள். தங்காயியும் சேர்ந்து சிரித்தாள்.

"இருக்கட்டும்ண்ணே. உங்க கேடயத்தை யாரு கட்டினா?"

"யாரு கட்டுவா? நாங்கதான். மூங்கில் சட்டம், மேல எருமைத்தோல்."

"அதையே மல்லாத்திப் போட்டு, நாலு பேர் உட்காருற மாதிரி பெருசாக் கட்டுங்க. அதுதான் பரிசல். பாதி வேலை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்ண்ணே. மீதியைச் சேர்ந்து பார்த்துக்கலாம்."

சிரிப்பு நின்றது. ஒருவன் தன் கேடயத்தைக் கவிழ்த்தும் நிமிர்த்தியும் பார்த்தான். இன்னொருவன் கத்தியைத் தேடினான்.

தங்காயி உடனே பாடம் தொடங்கவில்லை. மூன்று மூன்று பேராகத் தன் பரிசலில் ஏற்றித் திட்டுக்குக் கூட்டிப்போனாள். காளத்தி மட்டும் ஏதோ சாக்குச் சொல்லிக் கரையிலேயே நின்றுவிட்டான். சுவரில் போன வருஷத் தண்ணீரின் கறை அவர்கள் தலைக்கு மேலே தெரிந்தது. அதற்குக் கீழே ஒரு நிறைமாதக்காரி கூழ் கிண்டிக்கொண்டிருந்தாள். திரும்பி வரும்போது ஒருவனும் கேலி பேசவில்லை.

பிறகு தங்காயி மூன்று விதி சொன்னாள். பரிசலுக்கு வேலை செய்தவன் அதில் ஏற வேண்டும். ஒரு முடிச்சுக் கற்றவன் அதை இரண்டு பேருக்குக் காட்ட வேண்டும். கேட்டால் மட்டுமே தங்காயி வாய் திறப்பாள்.

மூன்றாவது விதி அவளுக்கே பெரும்பாடாகிவிட்டது! முதல் பரிசலை அவர்கள் கேடயம் மாதிரியே கட்டினார்கள். தடித்தடியான மூங்கில், இழுத்து இழுத்து முறுக்கிய கட்டு, தட்டினால் பறை போலச் சத்தம். சொல்லிவிடலாமா என்று வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. தங்காயி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அன்று பார்த்து ராஜாவும் வந்துவிட்டார். முழங்கால் தண்ணீரில் பரிசலை இறக்கி நாலு பேர் ஏறினார்கள். பத்தடி போனது. ஒரு கல்லில் மோதியது. படார்! நாலு பேரும் தண்ணீரில் உட்கார்ந்திருந்தார்கள்.

"இது உடையும் என்று உனக்கு முன்பே தெரியாதா?" என்றார் ராஜா.

"தெரியும் மகராசா."

"தெரிந்தும் சொல்லவில்லையா? நல்ல தோல் ஒன்று பாழ்!"

"சொல்லியிருந்தா தலையாட்டிட்டு மறந்திருப்பாங்க. இப்ப கேளுங்க, அவங்க பேசுறதை."

சொட்டச் சொட்ட நனைந்த நாலு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"அடி தாங்கணும்னுதானே விறைப்பாக் கட்டினோம்?"

"அட மடையா, கேடயம் அடியைத் தாங்கணும். இது கல்லு மேல வளைஞ்சு கொடுக்கணும்டா!"

நாலு பேரும் ஒரே நேரத்தில் கரைப்பக்கம் திரும்பினார்கள். "தங்கச்சி! வளையணும்னா எப்படிச் சீவணும்?"

முதல் கேள்வி! தங்காயிக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. குழந்தையை ராஜாவின் கையிலேயே கொடுத்துவிட்டுக் கத்தியோடு ஓடினாள். ராஜா வேறு வழியில்லாமல் குழந்தையை ஆட்டிக்கொண்டு நின்றார்.

காளத்தி மட்டும் இன்னும் ஒட்டவில்லை. தங்காயி கவனித்தாள். அவன் தண்ணீருக்குப் பத்தடி தள்ளியே நின்றான். அவள் அதை எல்லோர் முன்னாலும் கேட்கவில்லை. அவன் தனியாக இருந்தபோது கேட்டாள்.

"அண்ணே, தண்ணின்னா பயமா?"

மீசை துடித்தது. "வெளிய சொல்லிடாத தங்கச்சி. நூறு ஈட்டி வந்தாலும் நிப்பேன். முழங்கால் தண்ணி ஆகாது எனக்கு."

"அப்ப பிசின் பூசுற வேலை உங்களுக்குத்தான். இவங்க அவசரத்துல ஓட்டையை விட்டுடுவாங்க. ஒரு சொட்டு உள்ள வந்தாலும் பொறுக்காத ஆளுதான் எனக்கு வேணும்."

அவ்வளவுதான்! அன்றிலிருந்து காளத்தி ஒவ்வொரு பரிசலையும் வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தான். ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தால் போதும். "எவன்டா இந்தத் தோலைத் தைச்சது? வாடா இங்க!" என்று கரையே அதிரும். ஒன்று பத்தானது, பத்து இருபதானது, இருபது இருபத்தெட்டானது.

பதினெட்டுக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. தங்காயி காலையில் திட்டுக்கு வந்திருந்தாள். மலையில் எப்போது மழை பெய்ததோ, ஆறு திடீரென்று எழும்பி வந்தது! அவள் கட்டிப்போட்டிருந்த பரிசலை வெள்ளம் அறுத்துக்கொண்டு போனது. நூறு வீட்டு ஜனமும் மேட்டில் நெருக்கியடித்து நின்றது.

அந்தக் கரையில் முப்பது பேர், இருபத்தெட்டுப் பரிசல். அவர்கள் இதுவரை வெள்ளத்தில் இறங்கியதே இல்லை. தங்காயி கத்தினால் காற்றுதான் கேட்கும். கைகள் ஆடுவது தெரிந்தது. சண்டை போடுகிறார்கள். இறங்குவார்களா, மாட்டார்களா?

ஒரு பரிசல் தண்ணீரைத் தொட்டது. பின்னால் இரண்டு. அப்புறம் அடேயப்பா, எல்லாமே! சுழன்றன, கல்லில் மோதின, வளைந்தன, விலகி வந்தன. முதல் பரிசலில் இறுகக் கண்ணை மூடி, விளிம்பை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு வந்தவன் யார்? காளத்தி!

"நான் பூசினது, நான்தானே முதல்ல ஏறணும்! ஒரு சொட்டு வரலை தங்கச்சி, ஒரு சொட்டு!" என்று கண்ணைத் திறக்காமலே கத்தினான்.

முதல் நடைகளில் பிள்ளைகளும் நிறைமாதக்காரியும் போனார்கள். அடுத்த நடைகளில் மற்றவர்கள். கடைசி நடையில் ஆடும் கோழியும். உச்சிவெயிலுக்குள் திட்டில் ஓர் உயிர் இல்லை, ஆற்றிலும் ஓர் உயிர் போகவில்லை.

கரையில் நின்ற ராஜா எல்லோர் காதிலும் விழச் சொன்னார். "வெள்ளம் வடிந்ததும் உங்கள் வீட்டுக்கே போங்கள். திட்டு என்றைக்கும் உங்களுடையது." பிறகு தங்காயியைப் பார்த்தார். "அடுத்த மாதம் இன்னும் ஐம்பது பேரைப் படிக்க அனுப்புகிறேன். உனக்கு என்ன வேண்டும்? பொன்னா, பட்டமா, பல்லக்கா?"

"ஐம்பது தோல் கூடுதலாக் கொடுங்க மகராசா."

"எதற்கு?"

"கெடுக்கிறதுக்கு."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துவிட்டு, அறுபதாகவே கொடுத்தார்.

இதனால் சொல்ல வந்தது ஒன்றுதான்: தொழில் சொல்லிக் கொடுப்பவர் வேலையை அவரவர் கையில் ஒப்படைத்து, அதன் பயனைக் கண்ணில் காட்டி, தவறு செய்து திருந்தவும் இடம் கொடுத்தால், கற்க மாட்டேன் என்றவரும் ஆசையோடு கற்றுக்கொள்வார்.