ஓர் அடியும் தப்பாத மேளம்

“மாஸ்டர், நான் எந்த இடத்தில் தப்பு பண்ணினேன்? அதை மட்டும் சொல்லுங்க.”

“எங்கேயும் இல்லை, அங்கிள்.”

“அப்புறம் ஏன் தலைமை மேளத்தில் எனக்குப் பதிலா டெமி?”

மயேவா கையிலிருந்த வாழைக்காய் வறுவல் பொட்டலத்தை அவரிடம் நீட்டினாள். கார்ல்டன் வாங்கவில்லை.

இங்கிலாந்தின் வடக்கே ஒரு பல்கலைக்கழகம். அங்கே படிக்கும் ஆப்பிரிக்க, கரீபிய மாணவர்களின் சங்கம் ஆண்டுக்கொரு முறை கலைவிழா நடத்தும். இந்த ஆண்டு விழாவுக்கு இன்னும் ஆறே நாள்.

மயேவா குவாதலூப் தீவுக்காரி. இருபது வயது. விழாவில் நடனம் அவள் பொறுப்பு. கிரெனடா தீவிலிருந்து வந்த கார்ல்டனுக்கு நாற்பத்திரண்டு. பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர், வேலையை விட்டுவிட்டுப் படிக்க வந்திருந்தார். சங்கத்தில் எல்லோருக்கும் அவர் அங்கிள். மயேவாவுக்கு அவர் வயதில் பாதிகூட இல்லை. ஆனாலும் கற்றுத் தருகிறவள் என்பதால் ‘மாஸ்டர்’ என்று அழைத்து, ‘நீங்க’ போட்டுத்தான் பேசுவார்.

அவள் தீவில், ஆடுகிறவர் மேளத்துக்கு நேர் எதிரே வந்து நிற்பார். அவர் பாதம் சொல்வதைத் தலைமை மேளம் சொல்ல வேண்டும்.

விழாவுக்கு அந்தத் தலைமை மேளம் கார்ல்டனுக்குக் கிடைத்திருந்தது. அவர் அந்தத் தீவின் நல்ல ஆட்டம் ஒன்றின் ஒலிப்பதிவைத் தேடிப் பிடித்தார். விடுதி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தலையணையை மடியில் வைத்து, இரண்டு மாதம் தட்டித் தட்டி முழுவதையும் மனப்பாடம் செய்தார்.

“டெமிக்குத் தாளமே நிற்கலை. நடுவில் இழுக்கிறான். பழைய பஸ் மேடு ஏறுகிற மாதிரி.”

“ஆமாம், இழுக்கிறான்.”

“தெரிஞ்சுமா அவனைப் போட்டீங்க?”

“தெரிஞ்சுதான்.”

கார்ல்டனின் குரல் இறங்கியது.

“செப்டம்பரில் வந்தேன். இப்போ மார்ச். சாப்பிட்டியா, தூங்கினியான்னு இங்கே ஒருத்தர் கேட்டதில்லை. ஒத்திகை முடிஞ்சா நீங்க எல்லாரும் கும்பலாப் போறீங்க. நான் தனியா பஸ் ஸ்டாப்புக்கு நடக்கிறேன். இந்த மேளம் ஒண்ணுதான் எனக்குன்னு இருந்தது. அதையும் எடுத்துட்டீங்க.”

மயேவா விரல்களைத் துடைத்துக்கொண்டாள். போனில் மற்ற மேளங்களின் அடிப்படைத் தாளத்தை ஓடவிட்டு மேசைமேல் வைத்தாள்.

“வாசிங்க. நான் ஆடறேன். சரியா வந்தா இடம் உங்களுக்கே.”

கார்ல்டன் மேளத்தை முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிக்கொண்டார். கண்ணை மூடினார். கண்ணை மூடினால்தான் அவருக்கு எல்லாம் வரிசையாக வரும்.

பதினொரு நிமிடம் வாசித்தார். ஓர் அடி முந்தவில்லை, ஓர் அடி பிந்தவில்லை. கடைசி அடியை ஓங்கி அறைந்துவிட்டு, வியர்வை வழியக் கண்ணைத் திறந்தார்.

எதிரே யாரும் இல்லை.

போனில் தாளம் மட்டும் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

வெளியே வந்து பார்த்தார். மயேவா மாடிப்படியில் உட்கார்ந்து சுவரில் தலை சாய்த்திருந்தாள்.

“எப்போ போனீங்க?”

“அதை நான்தானே உங்ககிட்ட கேட்கணும்.”

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. திரும்பி உள்ளே பார்த்தார். அவள் ஆட வேண்டிய இடம் காலியாக இருந்தது.

பிறகு கேட்டார்.

“இன்னொரு தடவை ஆடுவீங்களா?”

அவள் எழுந்து உள்ளே வந்தாள். அவரே போனை அணைத்தார். உட்கார்ந்து, மேளத்தின் தோல்மேல் கைகளை வைத்தார். அடிக்கவில்லை. கண்ணையும் மூடவில்லை. காத்திருந்தார்.

மயேவா வலது பாதத்தை முன்னே வைத்தாள்.

அவர் ஒரு முறை தட்டினார்.

இடது பாதம் வரத் தாமதித்தது. தரையைத் தொடுமுன் கொஞ்சம் தயங்கியது. கார்ல்டன் அதையே பார்த்தார்.

கணுக்காலைச் சுற்றி ஒரு கட்டு. ஓரமெல்லாம் நைந்து, அழுக்கேறி இருந்தது.

அவர் கை தோல்மேலேயே நின்றுவிட்டது.

“காலில் என்ன, மாஸ்டர்?”

“டெமி இழுக்கிறது இந்தக் காலுக்காகத்தான். அடிபட்டு மூணு வாரம் ஆச்சு, அங்கிள்.”