கோரையில் உட்காராத தும்பி

கேளுங்கள். இப்போது பெயர்கூட மறந்துபோன ஓர் ஆறு. அதன் கரையில் வெகுகாலத்துக்கு முன் இளநாகன் என்றோர் அரசன் ஆண்டான். பாய்க்குக் கோரை அறுக்கும் வேம்பி அவன் ஊர்க்காரி. விடிந்ததும் ஆற்றங்கரையில் நடப்பாள். எந்தப் பறவை வந்தது, எந்தப் பூச்சி எங்கே உட்கார்ந்தது என்று பார்த்துக்கொண்டே போவாள். ஊரார் அவளைப் 'பூச்சிக்காரி' என்று கேலி செய்தார்கள். அவள் மகளுக்கே அது வெட்கமாக இருந்தது.

ஆடிப் பதினெட்டு வந்தது. நண்பகலில் கோட்டை வாசல் திறக்கும். ஊர்ப் பெண்கள் முளைப்பாரி சுமந்து ஆற்றில் இறங்குவார்கள். அந்த ஆண்டு முளைப்பாரி சுமந்து முன்னே நடக்கும் முறை வேம்பியின் மகளுக்கு.

அன்று காலை கரையில் நடந்த வேம்பி, பாதியிலேயே அரண்மனைக்கு ஓடினாள்.

"அரசே, கோரைக்காட்டில் ஆட்கள் ஒளிந்திருக்கிறார்கள். பெண்களை இறக்காதீர்கள்."

"யார் சொன்னது?"

"கொக்கு சொன்னது, வட்டமிடுகிறது, இறங்கவில்லை. தும்பி சொன்னது, கோரை நுனியில் உட்காரப் போய் எழுந்துவிடுகிறது. ஆட்காட்டிக் குருவி சொன்னது, விடிந்ததிலிருந்து கத்துகிறது."

சேனாதிபதி மழவன் வாய்விட்டுச் சிரித்தான். "நம் ஒற்றர்களுக்குச் சோறு தண்டம், அரசே. இனிக் கொக்குக்கே படியளக்கலாம். அடியே, நரி வந்தாலும் ஆட்காட்டி கத்துமே?"

"கத்தும், ஐயா. நரி போனதும் ஓய்ந்துவிடும். இது ஓயவில்லை."

அரசன் சிரிக்கவில்லை. குடை இல்லாமல், கொடி இல்லாமல், செருப்பும் இல்லாமல் அவளோடு கரையில் நடந்தான். கொக்கு இறங்கவில்லை. தும்பி உட்காரவில்லை. ஆட்காட்டி ஓயவில்லை. கோரை நடுவே ஒரு வாள்முனை வெயிலில் மின்னி மறைந்தது. அக்கரை நாட்டுப் பகைவர், வாசல் திறக்கும் நேரம் பார்த்துப் பதுங்கியிருந்தார்கள்.

"கொளுத்திவிடுவோம்" என்றான் மழவன்.

"துப்புச் சொன்னவர்களின் கூட்டையா எரிப்பது?" என்றாள் வேம்பி. "உள்ளே குஞ்சுகள் இருக்கின்றன. திருவிழாவை அந்திக்குத் தள்ளுங்கள், அரசே. கோரையை விட்டு வெளியேற எருமைத்தடம் ஒன்றுதான். மற்றதெல்லாம் ஆளை விழுங்கும் சேறு. தடத்தில் வீரர்களை நிறுத்துங்கள். மீதியை என் படை பார்த்துக்கொள்ளும்."

"உனக்குப் படை வேறு இருக்கிறதா?" என்றான் மழவன்.

"இருக்கிறது, ஐயா. வெயில் தாழட்டும்."

வெயில் தாழ்ந்தது. காற்று நின்றது. கோரைக்காட்டுக் கொசு எழுந்தது. முதலில் 'பளார்' என்று ஓர் அறை கேட்டது. பிறகு பத்து. பிறகு கோரைக்காடே கைதட்டுவதுபோல் இருந்தது! முந்நூறு பகைவர் வாளை எறிந்துவிட்டு, தம் முகத்தில் தாமே அறைந்துகொண்டு, எருமைத்தடத்தில் ஓடிவந்து அங்கே நின்ற வீரர்களிடம் அகப்பட்டார்கள். கொசு குடித்ததைத் தவிர ஒரு சொட்டு இரத்தம் சிந்தவில்லை.

பறை முழங்கியது. வாசல் திறந்தது. முளைப்பாரியோடு முன்னே நடந்த பெண்ணை, "யார் மகள்?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

"பூச்சிக்காரி மகள்!" என்றாள் அவள், ஆறு முழுக்கக் கேட்கும்படி.

மழவன் கழுத்தைச் சொறிந்துகொண்டே தலைப்பாகையை அவிழ்த்து வேம்பியை வணங்கினான். அவள் அவனைப் பார்க்கவில்லை. கோரைக்காட்டில் கொக்குகள் ஒவ்வொன்றாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிற்றுயிரை உற்றுப் பார்ப்பவரே பேராபத்தை முன்னே காண்பார்.